எட்டாம் மாசப் பிள்ளை

என் வாய் பெரிய வாய் என்று டெல்லி முனிர்காவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. இட்லி மாவு அரைத்து விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால், வாங்கிப் போன மாவை வெயிலில் வைத்துவிட்டு மறுநாள் "அக்கா, உங்க மாவு புளிச்சுப்போச்சு" என்று திருப்பிக் கொண்டுவருகிற மாணவர்களைச் சமாளிக்க முடியுமா? என் கணவர் அப்பாவு எனக்கு நேர் எதிர். லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். அந்த மனிதர் வாயைத் திறந்து பேசிய ஒரு நாளைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி வெகு வருஷம் பிள்ளை இல்லை. மாசம் தள்ளிப்போனபோது எல்லாம் இந்தப் பாழாய்ப்போன தைராய்டால்தான் என்று நினைத்து, நான் பாட்டுக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். வயிறு மேடு தட்டிய பிறகுதான் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனோம். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டோம். எத்தனை மாதம் என்கிற கணக்கெல்லாம் அவரிடம்தான் இருந்தது. எனக்கு என் பிறந்த நாளே நினைவிருக்காது. அவருக்கு காஸ் சிலிண்டர் மாற்றிய தேதிகூடத் தெரியும்.

ஓர் அக்டோபர் காலையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண் இருட்டியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிட்டதாம். அவர் என்னை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நான் கண் விழித்தபோது எனக்கு வயிறு இல்லை. கட்டில் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு பொறந்திருக்கு உஷா" என்றார். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. ஏழு மாசப் புள்ள. பயப்படாத."

"எட்டு நடக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நாந்தான் தப்பா எண்ணிப்போட்டேன். ஏழுதான்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ராசிபுரம் பக்கம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்: ஏழாம் மாசப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது. அது எப்படி, ஒரு மாதம் கூடுதலாக வயிற்றில் இருந்த பிள்ளைதானே தெம்பாக இருக்கும் என்று இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை. ஏழு என்றதும் படுத்தபடியே குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

எழுந்து நடமாட எனக்குப் பல நாள் ஆனது. அதுவரை அவளுக்குத் தாயும் அவர்தான். பிள்ளையைத் துணியில்லாமல் பெற்றவர்களின் மார்போடு ஒட்டி வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். அந்தச் சூட்டில் பிள்ளைக்கு மூச்சு சீராகும், எடை ஏறும், மூளைக்கும் நல்லது என்றார்கள். ஊரில் நாலு பேர் முன்னால் சட்டையைக் கழற்றவே கூசுகிற மனிதர், நர்சுகள் நடமாடுகிற வார்டில் சட்டைப் பொத்தானை எல்லாம் திறந்துபோட்டு, ஒன்றரைக் கிலோகூட நிறையாத பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூக்கு அரித்தால்கூடச் சொறிய மாட்டாராம். இதை அவர் சொல்லவில்லை, நர்சுகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த நர்சுகள் இருக்கும் திசைக்கு நான் இன்றும் ஒரு கும்பிடு போடுவேன்.

பெண் டாக்டர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டார். இந்தியிலேயே பேசுவார், ஆனால் எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்திப் பேசுவார். கடைசி மாதங்களில்தான் பிள்ளையின் மூளை மளமளவென்று வளர்ந்து, மடிப்பு மடிப்பாக ஆகுமாம். இருட்டில், வெதுவெதுப்பில், அம்மாவின் நெஞ்சுச் சத்தம் மட்டும் கேட்கிற இடத்தில் நடக்க வேண்டிய வேலை அது. இவளுக்கு அது வெளியே, விளக்கு வெளிச்சத்திலும் மெஷின் சத்தத்திலும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பெட்டிமேல் துணி போட்டு மூடுகிறோம், அதனால்தான் மெதுவாகப் பேசச் சொல்கிறோம் என்றார். மெதுவாகப் பேசுவதா? நானா? முதல் நாள் நான் "கண்ணு" என்று கூப்பிட்டதற்கே பக்கத்துப் பெட்டிப் பிள்ளை திடுக்கிட்டு அழுதது.

இன்னொன்றும் சொன்னார். "இவளுக்கு ரெண்டு வயது. ஒன்று பிறந்த நாளிலிருந்து எண்ணுவது. இன்னொன்று, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது. தவழ்வது, உட்காருவது எல்லாவற்றுக்கும் நாங்கள் இரண்டாவதைத்தான் பார்ப்போம். எத்தனை மாதம் முன்னால் வந்தாளோ அத்தனை மாதத்தைக் கழித்துவிடுவோம்." பத்தில் ஏழு போக, எங்களுக்கு அவர் மூன்று மாதம் கழித்தார். "ஏழு மாதப் பிள்ளைக்கு நல்ல முதிர்ச்சி" என்று அடிக்கடி வியந்துகொள்வார். எனக்குப் பெருமை பிடிபடாது. என் கணவர் மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

குளிர் தொடங்கியதும் பிள்ளைக்கு அபிராமி என்று பெயர் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கிரைண்டரைக் கீழ் வீட்டு வராந்தாவுக்கு மாற்றினேன். குசுகுசுவென்று பேசப் பழகினேன். என் வீட்டு வாசலில் மாவு வாங்க வந்த பையன்கள், "அக்காவுக்குத் தொண்டை போயிருச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளை பால் குடித்தாள், சதை போட்டாள், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் கழுத்து மட்டும் நிற்கவில்லை. தூக்கினால் தலை பின்னால் துவண்டு விழும். குப்புறப் போட்டால் முகத்தைப் பாயில் அழுத்திக்கொண்டு அப்படியே கிடப்பாள். காலை விரித்துத் துணி மாற்றப் போனால் விறைத்துக்கொண்டு விடமாட்டாள்.

ஆறாம் மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் அவள் கைகளைப் பிடித்து மெல்லத் தூக்கினார். தலை பின்னால் போனது.

"மூன்றைக் கழித்தால் இவளுக்கு இப்போது மூன்று மாதம்தான்" என்றார் டாக்டர். "மூன்று மாதத்தில் கழுத்து நிற்காமல் இருக்கலாம். கால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, அதையும் கவனிப்போம். இரண்டு மாதம் கழித்து வாருங்கள். அப்போதும் இப்படியே இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம்."

நான் தலையாட்டிவிட்டுப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கேட்டைத் தாண்டியதும் அவர் பஸ் ஸ்டாப் பக்கம் வராமல் டீக்கடை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க, தலை சுத்துதா?"

"உஷா, அவ ஏழு மாசப் புள்ள இல்ல."

"என்ன உளர்றீங்க?"

"எட்டு. உனக்கு எட்டுதான் நடந்துட்டிருந்துச்சு. நாந்தான் டாக்டர்கிட்ட ஏழுன்னு சொல்லிப்போட்டேன். தேதியையும் ஒரு மாசம் தள்ளிச் சொன்னேன்."

எனக்கு முதலில் ஒன்றுமே ஓடவில்லை. அவரே விட்டு விட்டுச் சொன்னார். நான் நினைவில்லாமல் கிடக்கும்போது ராசிபுரத்திலிருந்து அவர் அக்கா, என் நாத்தனார் வீராயி, போன் செய்திருக்கிறார். 'எட்டுன்னு வாயத் தொறந்து சொல்லிப்போடாதடா, ஏழுன்னு சொல்லு' என்று அழுதிருக்கிறார். வீராயி அண்ணியின் இரண்டாவது பிள்ளை எட்டாம் மாதம் பிறந்தது. அது தங்கவில்லை. அன்றைக்கு அண்ணிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நின்றவர், அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த இவர். துணியில் சுற்றிய பிள்ளையை வாங்கிக் கையில் வைத்திருந்ததும் இவர்தான்.

"எட்டுன்னு சொன்னா டாக்டருங்களே கை விட்டுருவாங்கன்னு நெனச்சேன் உஷா. ஏழுன்னாத்தான் பாடுபடுவாங்கன்னு. உங்கிட்டயும் அதையே சொன்னேன், நீ பயந்துக்குவன்னு. இது இப்படிக் கணக்குல போய் நிக்கும்னு எனக்குத் தெரியல. மூணு கழிக்கிறாங்க, ரெண்டுதான் கழிக்கணும். அப்ப இவளுக்கு மூணு இல்ல, நாலு மாசம் முடிஞ்சிருக்கு."

அட கடவுளே! ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்த குரல் மொத்தமும் வெளியே வந்தது. "உங்க தலையில கொள்ளியை வைக்க! ஆபீஸ்ல ஒரு கமா தப்பாப் போனா நாள் பூரா சோறு இறங்காத ஆளு, பெத்த புள்ளைக்குப் பொய்க் கணக்குச் சொல்லியிருக்கீங்களே! பாவி மனுஷா!" டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. ஒருவர், "தம்பி, மன்னிப்புக் கேட்டுவிடு" என்று இந்தியில் அவருக்கு யோசனை சொன்னார்.

கல்லிலிருந்து அவர் எழுந்தார். விறுவிறுவென்று திரும்ப ஆஸ்பத்திரிக்குள் நடந்தார். நான் பிள்ளையோடு பின்னால் ஓடினேன். வாசலில் காவலாளி தடுத்தார். எப்போதும் வரிசையில் கடைசியாகப் போய் நிற்கிற மனிதர், காவலாளியின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்துவிட்டார்.

அறையில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மாணவ டாக்டர்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவர் கையைக் கூப்பிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் சொன்னார்: "மேடம், நான் பொய் சொன்னேன். ஏழு இல்லை, எட்டு. பயம். எங்கள் ஊரில் எட்டு என்றால் பிள்ளை செத்துவிடும் என்பார்கள். பிள்ளைமேல் தப்பில்லை, என்மேல்தான் தப்பு. சரியான தேதி இது." தேதியைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஒரு மாணவன் சிரித்தான். டாக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

டாக்டர் இவரைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்றிருந்தது. அவர் திட்டவில்லை. பிள்ளையை மறுபடி வாங்கிப் படுக்க வைத்தார். கையைத் தூக்கிப் பார்த்தார், கால்களை விரித்துப் பார்த்தார், கட்டை விரல் உள்ளே மடங்கியிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"மூன்று மாதத்துப் பிள்ளைக்கு நான் காத்திருப்பேன். நாலு மாதம் தாண்டிய பிள்ளைக்குக் காத்திருக்கக் கூடாது. இன்றே மாடிக்குப் போங்கள், பயிற்சி ஆரம்பிக்க வேண்டும்." அப்புறம் இவரைப் பார்த்து, "இன்னும் இரண்டு மாதம் கழித்துச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாதமும் போயிருக்கும். இப்போது சொன்னீர்களே, அச்சா கியா" என்றார். நல்ல காரியம் செய்தீர்கள் என்று. எனக்கு அப்போது அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மாடி ஏறும் வரை அவரை முறைத்துக்கொண்டேதான் போனேன்.

அப்புறம் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் உள்பக்கம் சின்ன வடு ஒன்று தெரிந்தது. கையையும் காலையும் ஆட்டிவைக்கிற கட்டளை அந்த வழியாகத்தான் போகுமாம். "வடு மறையாது" என்றார் டாக்டர். "ஆனால் இந்த வயதில் மூளை இன்னும் பாதை போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு தெரு அடைத்திருந்தால் பக்கத்துச் சந்தைப் பிடிக்கும். அதற்கு நாம்தான் தினமும் நடத்திப் பழக்க வேண்டும். நடப்பாளா என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது."

நடப்பாளா என்கிற அந்த ஒரு கேள்வியோடு நாங்கள் ஒன்றரை வருஷம் குடித்தனம் பண்ணினோம்.

பயிற்சி கொடுத்தவர் பிங்கி மேடம். ஹரியானாவில் ரோத்தக் பக்கத்து அம்மா. வாய் என்றால் அது வாய். எனக்குச் சரியான ஜோடி. துண்டைச் சுருட்டிப் பிள்ளையின் நெஞ்சுக்கு அடியில் வைத்துக் குப்புறப் போட வேண்டும். இரண்டு கையையும் நடுவில் கொண்டுவந்து பிடிக்க வைக்க வேண்டும். பின்னால் வளைகிற மாதிரித் தூக்கவே கூடாது. இடுப்பில் எப்படி வைத்துக்கொள்வது என்பதைக்கூட அவர் சொன்னபடிதான் செய்ய வேண்டும். பிள்ளை அழுதால் எனக்குப் பொறுக்காது, நிறுத்திவிடுவேன். "அழட்டும்! பிற்பாடு நீ அழாமல் இருக்கணுமா வேண்டாமா?" என்று பிங்கி மேடம் கத்துவார். நானும் தமிழில் திருப்பிக் கத்துவேன். அவர் புரிந்த மாதிரியே பதில் சொல்வார். அவருக்கு வாரம் ஒரு முறை மாவு கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் தோசையாக ஊற்றாமல் கடலைமாவு கலந்து என்னத்தையோ சுட்டுத் தின்றாராம். மகராசி, அவர் எதைச் சுட்டுத் தின்றாலும் எனக்குச் சம்மதம்.

வீட்டில் காலை முறை எனது, சாயந்திர முறை அவருடையது. ஆபீசிலிருந்து வந்து கைகால் கழுவியதும் தரையில் நீட்டிப் படுத்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கண்ணை உருட்டுவார், நாக்கை நீட்டுவார். நான் அவரோடு தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தேன். சோறு போட்டேன், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

மே மாதம், கூலர் உஷ்ணக் காற்றையே திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். பிள்ளையைத் துண்டின்மேல் குப்புறப் போட்டிருந்தேன். வழக்கம்போல முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டு கிடந்தாள். வீராயி அண்ணி போன் செய்தார். டாக்டரிடம் எட்டு என்று சொல்லிவிட்ட சங்கதி தம்பி மூலம் அன்றைக்குத்தான் அவர் காதுக்குப் போயிருந்தது.

"எட்டுன்னு சொல்லிப்போட்டீங்களாமே! அதான் புள்ளைக்கு இப்படி வந்திருச்சு! நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள், மெதுவாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் பறந்துவிட்டது. "அண்ணி! வாய மூடுங்க! எட்டுனால வரல, நீங்க சொல்லச் சொன்ன ஏழுனாலதான் எம்புள்ளைக்கு வைத்தியம் லேட்டாயிருந்திருக்கும்! எட்டுதான்! எம்புள்ள எட்டாம் மாசப் புள்ளதான்! உசுரோட இருக்கா, இருப்பா! தெருவுல நின்னுகூடச் சொல்லுவேன்!"

முனிர்கா முழுக்கக் கேட்டிருக்கும். மூச்சு வாங்க நிறுத்தினேன். அந்தப் பக்கம் அண்ணி அழுகிற சத்தம் கேட்டது. "எம்புள்ளயும் எட்டாம் மாசந்தானே உஷா. எதுக்குப் போச்சுன்னு எனக்கு ஒருத்தருஞ் சொல்லலியே. மாசத்தச் சொல்லித்தானே நான் மனசத் தேத்திக்கிட்டேன்" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தேன். பாயிலிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அபிராமி தலையைத் தூக்கியிருந்தாள். கழுத்து லொடலொடவென்று ஆடியது, மோவாயில் எச்சில் ஒழுகியது, ஆனால் தலை நிமிர்ந்து நின்றது. யாரடி இப்படிக் கத்துகிறாள் என்று பார்க்கிற பார்வை.

"அண்ணி" என்றேன். "அண்ணி, தலையத் தூக்கிட்டா. அண்ணி, நிமிந்து பாக்குறா."

"என்னாது?"

"கழுத்து நிக்குது அண்ணி!"

ராசிபுரத்தில் அவரும் முனிர்காவில் நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதோம். சாயந்திரம் ஆபீசிலிருந்து அவர் வந்ததும், நான் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று வேண்டுமென்றே "ஏனுங்க!" என்று கத்தினேன். அவள் தலையைத் தூக்கினாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவரோடு பழையபடி பேச ஆரம்பித்தேன். அதாவது, பழையபடி திட்ட ஆரம்பித்தேன்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். உட்காரத் தாமதம், தவழத் தாமதம். இடது காலுக்கு பிளாஸ்டிக் பட்டை போட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கையை எடுத்தால் தொப்பென்று விழுவாள். விழுந்ததும் நான் ஓடுவேன். பிங்கி மேடம் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்.

அபிராமிக்கு இரண்டு வயது நிறைந்த வாரம் டாக்டரிடம் போனோம். வந்திருந்த கூட்டத்தில் எங்களை அடையாளம் கண்டு சிரித்தார். அவளிடம் பந்தைக் கொடுத்தார், படம் காட்டினார், மூக்கு எங்கே காது எங்கே என்று கேட்டார். டாக்டர் இந்தியில் கேட்டதற்கு இவள் இந்தியிலும், நடுவில் என்னைப் பார்த்துத் தமிழிலும் பதில் சொன்னாள். காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் எங்களைப் பார்த்தார்.

"இடது காலில் இறுக்கம் இருக்கும், பயிற்சியை விடக் கூடாது. ஆனால் இன்றிலிருந்து வயதைக் கழிக்க வேண்டாம். இரண்டு வயதோடு அந்தக் கணக்கு முடிந்தது. இவளுக்கு இனி ஒரே வயதுதான், எல்லாப் பிள்ளைகளுக்கும் போல."

என் கணவருக்கு அது சட்டென்று எட்டவில்லை. "ரெண்டு மாசமும் கழிக்க வேண்டாமா மேடம்?" என்று கேட்டார்.

"எதையும் கழிக்க வேண்டாம்."

அவர் கையைக் கூப்பினார். மறுபடியும் மாணவ டாக்டர்கள் முன்னால் அழப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மனிதரை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். ஆனால் தான் செய்த தப்பைச் சொல்ல அன்றைக்கு இவர் திரும்பி உள்ளே நடக்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஈரக்குலை நடுங்கும். அவர் தோளில் கை வைத்து, "போதும் விடுங்க, நல்லாயிருப்பீங்க" என்றேன். இரண்டு வருஷத்தில் நான் அவருக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அவர் நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அபிராமி மேஜைக் காலை விட்டுவிட்டாள். கதவு திறந்திருந்தது. இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு, கைகளை விரித்துக்கொண்டு, ஒன்றையும் பிடிக்காமல் அறையைத் தாண்டி, ஸ்ட்ரெச்சரும் ஜனமும் நெரிகிற வராந்தாவில் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

"ஏய்! அபி! நில்லுடி!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். நடக்க வேண்டும், நடக்க வேண்டும் என்று ஒன்றரை வருஷமாகச் சாமியைக் கும்பிட்ட வாய் அது. என் கத்தலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நிற்கவில்லை.